பூவுக்கு விட்ட இடம்

என் மகள் மெட்ராசில் படம் வரையற காலேஜில் படிச்சாள். லீவுக்குள்ள மலையை ஒழுங்கா வரைஞ்சு கொண்டு வரலைன்னா படிப்பை விட்டுடுன்னு வாத்தியார் சொல்லிட்டாராம். நான் வேலை செய்யற கரடியூர்க் காப்பித் தோட்டத்தில் தினமும் உட்கார்ந்து வரைவாள், பொழுது சாய்ஞ்சா கிழிச்சுப் போடுவாள்.

“ஏனுங்கக்கா, உங்க புள்ள அடுப்பெரிக்கத் தாள் சேக்குதுங்களா?” என்று கூட வேலை செய்யற பொம்பளைங்க சிரிச்சாங்க. நான் தலை குனியலை.

சித்திரை மழை பெய்து கொஞ்ச நாளில், ஒரே காலையில் காப்பிச் செடியெல்லாம் பூத்துருச்சு. சரிவு முழுக்க வெள்ளை. மத்தியானம் கஞ்சி கொண்டு போனேன். மரத்தையும் நிழலையும் கருகருன்னு பூசியிருந்தாள். நடுவில் தாள் சும்மா கிடந்தது.

“பூவை எப்பக் கண்ணு பூசுவே?”

“பூசக் கூடாதுங்கம்மா. இத்தன நாளா எல்லா எடத்தையும் அப்பித்தான் கெடுத்தேன். தாளை அப்படியே உட்டா அதுதான் பூ. தள்ளி நின்னு பாருங்க.”

பார்த்தேன். வெறுந்தாள் பூத்து நின்னுச்சு. வயசெல்லாம் அங்கே பழம் பறிச்சவள் நான். பூவைப் பார்த்தா விளைச்சல்தான் நினைப்பு வரும். அன்னைக்குத்தான் பூவைப் பூவாப் பார்த்தேன்.

“வாத்தியார் ஒத்துக்குவாருங்களாம்மா?”

“ஒத்துக்காட்டி இங்க கூட்டியா கண்ணு. நான் காட்டறேன்.”

கூட்டி வரத் தேவைப்படலை. ஆனா அவர் சொல்றதுக்கு முன்னாலேயே, அந்தச் சரிவில் நின்னு, என் புள்ள தேறிட்டாள்னு நான் முடிவு பண்ணிட்டேன்.