சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கடிதம்

போன வாரம் செல்வி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். செல்வி என் பெரியப்பா மகள். பெரியப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது வேட்டிகளுக்கு அடியில் கிடைத்ததாம், ஒரு நீல நிற இன்லண்ட் கடிதம். கையெழுத்து என்னுடையது. "எங்கப்பாவுக்கு நீ எழுதுனதுதான? இத்தினி வருஷம் வச்சினு இருந்துக்கிறாரு பாரு" என்று கீழே கேட்டிருந்தாள். ஆயிரம் பிள்ளைகளை அதட்டி ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா நான், பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

இன்லண்டின் ஓரத்தில் தடவியிருக்கும் பசையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டுவோமே, அந்தத் தித்திப்பும் கசப்பும் கலந்த ருசி உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு அந்த ருசி வந்தால் கூடவே தஞ்சாவூர்ப் பக்கத்து விடுதி வந்துவிடும். எண்பதுகளின் நடுவில் ஆசிரியர் பயிற்சிக்காகச் செஞ்சியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். போன முதல் நாளே பக்கத்துக் கட்டில் வசந்தா ஏதோ கேட்க, "இன்னா?" என்றேன். அறையே சிரித்தது. நாங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு அவர்களுக்குச் சினிமாவில் ரவுடி பேசுகிற பேச்சு. வேர்க்கடலையை மல்லாட்டை என்றதற்கு ஒரு வாரம் என் பெயரே மல்லாட்டை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒருநாள் நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை எட்டிப் பார்த்த வசந்தா, "அன்புள்ள நைனாவுக்கு" என்று உரக்கப் படித்து, லுங்கியை மடித்துக் கட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினாள். அன்றைக்கு அழுதேன். எங்கள் நைனா ஒருவரை அதட்டிப் பேசியும் நான் கேட்டதில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நைனாவும் அவர் அண்ணனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியம்மா சிதம்பரம் பக்கத்திலிருந்து வந்தவர், தம் பிள்ளைகளை அப்பா என்று கூப்பிடப் பழக்கியிருந்தார். செல்வி அப்படிக் கூப்பிட, கூடவே வளர்ந்த நானும் பெரியப்பாவை அப்பா என்றே கூப்பிட்டேன். பெற்றவர் நைனா, பெரியப்பா அப்பா. எங்களுக்கு அதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. வீட்டுக்கு வரும் தபால் எல்லாம் மேல்விலாசத்தில் நைனா பெயருக்கே வரும், உள்ளே யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் போகும்.

அந்த வருஷம் ஐப்பசியில் பெரியப்பா எனக்கு அவலூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மண்டிக்காரர் மகன். கார்த்திகையில் பரிசம் போடுவதாகப் பேச்சு. பொண்ணு வேலைக்குப் போகத் தேவையில்லை, படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை என்று அவர்கள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்களாம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பெரியப்பாவை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. பேச முடிந்தால் அது நைனாவால்தான் முடியும். அவருக்கு எழுத உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் வசந்தா உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. பிறகு, "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதினேன்.

"எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். படித்து முடித்து ஒரு வேலையில் சேர்ந்துவிடுகிறேன். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதை என்னால் சொல்ல முடியாது." இவ்வளவுதான் எழுதினேன். பெரியப்பா பெயரை எழுதவே பயமாக இருந்ததால் எங்கேயும் அவரைக் குறிப்பிடவில்லை. தபால் பெட்டியில் போட்டபோது, என்ன காரியம் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள், ஐந்து நாள், ஏழு நாள். விடுதி வாசலில் கடிதங்கள் செருகி வைக்கும் பலகையை ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்த்தேன். அடுத்தவர் கடிதங்களையெல்லாம் புரட்டுகிறாள் என்று வார்டனிடம் புகார் வேறு போனது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நான் தபால் நிலையத்திலிருந்து ட்ரங்க் கால் போடுவேன். நைனா செஞ்சி பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த உரக்கடையில் வந்து காத்திருப்பார். "அந்தக் கடை போன்ல பேசுனா உன் குரல்கூட உர வாசம் அடிக்குது" என்பார். இந்தத் தடவை வசந்தாவும் இன்னும் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். லைன் கிடைத்ததும் நைனா வழக்கம் போல, "சாப்டியா?" என்றார்.

"சாப்ட்டேன். லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சி. குட்த்துட்டேன்."

"யார்கிட்ட?"

"அப்பாகிட்டதான். அவருக்குத்தான எழுதியிருந்த?"

நைனாவுக்கு எழுதியது பெரியப்பா கைக்குப் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் வசந்தா ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்றுகூடத் தெரியாது. தட்டுத் தடுமாறி, "அப்பா, அது வந்து..." என்றேன்.

"அப்பா ஊட்ல இருக்காரு கண்ணு. பேசணுமா? இட்டாரச் சொல்லட்டா?"

ஒரே ஒரு சொல்தான். இல்லை நைனா, அது உனக்கு எழுதினது என்றால் முடிந்தது. வாய்வரை வந்த சொல்லை அந்த மூன்று பெண்களுக்குப் பயந்து விழுங்கினேன். நைனா, "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்று நிமிஷம் முடிந்து லைன் போனது. என்னைப் போல ஒரு கோழையை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பெரியப்பா விடுதிக்கே வந்துவிட்டார். கையில் வறுத்த மல்லாட்டைப் பை. கூப்பிட்டுக்கொண்டு போய்விடப் போகிறார் என்று பயந்தேன். அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவலூர்பேட்டைக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிட்டேன். நீ படி" என்றார். பிறகு மல்லாட்டைப் பையை என் கையில் கொடுத்து, "பெத்தவன்கிட்டகூடச் சொல்லாம எங்கிட்ட சொன்ன பாரு. அது போதும் எனக்கு" என்றார். அந்த மனிதர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும். நினைப்பெல்லாம் நைனாவிடம் போனது. இதைப் பெருமையாக வீட்டிலும் சொல்லியிருப்பார், நைனா காதுபடவே சொல்லியிருப்பார். அவர் போனதும் வசந்தா ஓடிவந்து, "உங்க அப்பா எவ்வளவு நல்லவர்டி" என்றாள். ஆமாம் என்று மல்லாட்டையை அவள் கையில் அள்ளிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நைனா எப்போதும் போலத்தான் இருந்தார், கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது. நான் ஏதாவது கேட்டால், "அப்பாகிட்ட கேட்டுக்க" என்றார், இரண்டு மூன்று தடவை. திரும்புகிற அன்று இருவரும் பஸ் ஏற்றிவிட வந்தார்கள். கோட்டை மலைக்கு மேலே வெயில் ஏறியிருந்தது. பெரியப்பா நாலடி தள்ளி எனக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். நைனா என் பெட்டியைக் கீழே வைக்காமலே மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு, அந்த லெட்டரு அண்ணனுக்குத்தான எழுதுன?"

நான் பழக்கடையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பெரியப்பாவுக்குக் கிடைத்த அந்த ஒன்று பறிபோகும். ஒருவேளை அவலூர்பேட்டையும் திரும்பி வரும்.

"ஆமா நைனா" என்றேன். இந்தத் தடவை நைனா என்று தெளிவாகவே சொன்னேன்.

"சரி, சரி. நான் படிக்கல. மேல அப்பாவுக்குன்னு பாத்ததும் மடிச்சி, சோத்துப் பருக்க வச்சி ஒட்டிதான் குட்த்தேன்" என்றார். பெட்டியை பஸ்ஸில் ஏற்றி வைத்து, சீட்டைத் தோள் துண்டால் தட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை தனியாகத்தான் இருந்தோம்.

உரக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. செல்வியின் பேரன் முதல் தெருப் பிள்ளைகள் வரை எல்லோரும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், டாடி என்றும் கேட்கிறது. நைனா என்று எங்கேயாவது கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன், ஆனால் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

சாயங்காலம் போனை எடுத்து, "இல்ல செல்வி, அது எங்க நைனாவுக்கு" என்று தட்டினேன். அனுப்பவில்லை. அப்பன் பெட்டியில் ஒரு பொக்கிஷம் கிடைத்ததாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அழித்துவிட்டு, "ஆமா" என்று அனுப்பினேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிதத்தின் ஓரத்தில், ஒட்டிய இடத்தில், நசுங்கிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை இன்னும் இருக்கிறது. படிக்காமல் அதை ஒட்டிய விரல்தான் இல்லை.