கூலி வாங்கினால்தான் கணக்கு

பூங்காவனம் கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டதே கிடையாது. தொட்டிருந்தால் அது யாருடைய மண்டையிலாவது இறங்கியிருக்கும் என்று காஜா பெராங்கில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனாலும் சுதந்திரம் வருகிற சமயத்தில் மலாக்காவில் ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுத்து ஒரு கிரிக்கெட் லீக் நடந்ததென்றால், அதை நடத்தியவள் அவள்தான். அந்த லீக்குக்குத் தலைவர் கிடையாது, புரவலர் கிடையாது, வாசலில் பித்தளைப் பலகை கிடையாது. அவளுடைய சோற்றுக்கடை பெஞ்சுதான் ஆபீஸ்.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்து, ஜப்பான்காரன் காலத்தில் புருஷனைச் சயாம் ரயில்பாதைக்குப் பறிகொடுத்தவள் அவள். அழுது முடித்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். தம்பி ஜெயபாலனை வளர்த்து ஆளாக்கினாள். அவன் பொதுப்பணி இலாகாவில் ரோடு போடும் தினக்கூலி. வேலை விட்டு வந்ததும் திடலுக்கு ஓடிவிடுவான். அவன் பந்து போட ஓடி வந்தால் எதிரே மட்டை பிடித்து நிற்பவன் ஓரடி பின்னால் போவான்.

நகரத்தில் ஏற்கெனவே ஒரு லீக் இருந்தது. ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் சங்கம் ஒன்று அதை நடத்தியது. காஜா பெராங் அணியையும் பெரிய மனது பண்ணிச் சேர்த்திருந்தது. ஆட்டமெல்லாம் சனிக்கிழமை. ஞாயிறு திடல் பந்து உதைப்பவர்களுக்கு என்பது ஊரறிந்த ஏற்பாடு. ஆபீஸ் கிராணிகளுக்குச் சனிக்கிழமை அரைநாள்தான்; வெள்ளைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு மத்தியானமே வந்துவிடலாம். தினக்கூலிக்காரன் வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. ஜெயபாலன் கொஞ்ச நாள் வந்து பார்த்தான். பிறகு ஒரு சனிக்கிழமை தார்ச்சட்டி தூக்கப் போய்விட்டு, இனிமேல் பந்தைத் தொடப்போவதில்லை என்று அக்காளிடம் சொன்னான். சொல்லிவிட்டுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அவன் சோற்றை வைத்துவிட்டு எழுந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. அது அவளைச் சுட்டது.

மறுநாளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். செயலாளர் ஏகாம்பரம் கிராணி அவளை உட்காரச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமல்ல. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் போடுங்கள், அந்தக் காசில் தினக்கூலிக்காரர்களுக்கு அன்றையக் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

"சம்பளத்துக்கு ஆடுறவன சேத்துக்க முடியாதும்மா," என்றார் ஏகாம்பரம். "எங்க ஆளுங்க ஆட்டத்துக்காக ஆடுறாங்க. நீ சொல்றது கூலி வேல. எவனாச்சும் ஒரு காசு வாங்கினான்னு தெரிஞ்சா அவன் இந்த லீக்ல கால் வைக்க முடியாது. அது சட்டம்."

"கூலி வாங்கித்தான் என் தம்பி ரோடு போடறான். அந்த ரோட்டுலதான நீங்க சைக்கிள் ஓட்டிக்கிட்டு வர்றீங்க?"

பக்கத்தில் இருந்த யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு விலை உடனே வந்தது. அந்த வாரமே காஜா பெராங் அணியை லீக்கிலிருந்து தூக்கினார்கள். திடலில் விரிக்கிற தேங்காய் நார் விரிப்பையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த விரிப்பு இல்லாவிட்டால் மேடுபள்ளத் தரையில் பந்து எகிறி ஆள் பல்லைப் பெயர்த்துவிடும்.

பூங்காவனத்துக்கு அழுகை வரவில்லை. நல்லதாகப் போயிற்று, இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது. தெங்கேராவுக்குப் போய்ப் படகுக்காரர்களிடம் பேசினாள். புக்கிட் பாருவில் பேசினாள். புக்கிட் காதில் பக்கம் ரப்பர்ப் பால்வெட்டுகிறவர்களிடம் பேசினாள். காஜா பெராங்கோடு சேர்த்து நான்கு அணி தேறியது. சனிக்கிழமையேதான் ஆட்டம், கிராணிகள் ஆடுகிற நாளில்தான் நாமும் ஆடவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். காஜா பெராங் திடலைச் சுற்றிக் கயிறு கட்டி டிக்கெட் போட்டாள். பற்றாததற்குக் கடை இருந்தது.

விரிப்புக்குத்தான் வழியில்லை. அதற்கு அவள் போய் நின்ற இடம் செட்டியார்கள் கோயில். மாசி மகத்தன்று காவடிக்காரர்கள் கால் சுடாமல் நடக்கத் தார்ரோட்டில் விரிக்கும் நார் விரிப்பு அங்கே சுருள் சுருளாகக் கிடந்தது. கோயில் காரியம் பார்த்த அடைக்கப்பச் செட்டியார் கிரிக்கெட் என்றால் ரேடியோவைக் கட்டிக்கொண்டு கிடப்பவர். ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கமாக வெகுநேரம் தாடையைத் தடவினார். கடைசியில், சாமிக்கு நடக்கிற விரிப்பு, செருப்புக் காலோ பூட்ஸ் காலோ அதில் படக்கூடாது, பட்டால் அன்றைக்கே சுருட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிக் கொடுத்தார். இப்படித்தான் அந்த லீக்கின் முதல் விதி உண்டானது. காலில் பேடு கட்டலாம், பூட்ஸ் கூடாது.

இரண்டாவது விதியை அவளே போட்டாள். முதல் ஆட்டம் முடிந்து கூலி கொடுக்கும்போது, அணியில் இருந்த ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸர் கருணாகரன், தான் மாதச் சம்பளக்காரன், தனக்கு வேண்டாம், இல்லாதவனுக்குக் கொடுங்கள் அக்கா என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அதைக் கேட்ட ஜெயபாலன் தன் கூலியைக் கடைக்குப் பின்னால் போய் வாங்கிக்கொண்டான். திருடனைப் போல மடியில் செருகினான். பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுவாரம் கயிற்றுக்கு உள்ளே, எல்லோர் கண்ணுக்கும் எதிரே பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தாள். ஆடியவன் ஒவ்வொருவனும் பேர் கூப்பிட்டதும் வந்து கூலி வாங்கவேண்டும். வாங்காதவன் ஆடவில்லை என்று அர்த்தம். அவன் எடுத்த ரன்னும் கணக்கிலிருந்து அடிக்கப்படும். கூலி வாங்குகிறவனுக்குச் சுற்றி நிற்கிற சனம் கைதட்டவேண்டும். முதல் ஆளாகக் கருணாகரனைக் கூப்பிட்டாள். அவன் அசட்டுச் சிரிப்போடு வந்து வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து ஸ்கோர் புத்தகமும் அவன் பொறுப்பாயிற்று.

லீக் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அப்போது மெர்டேகா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. சங்கம் ஆடுகிற பண்டார் ஹிலிர் திடல் பந்தலும் மேடையுமாக நிறைந்து கிடந்ததால், கிராணிமார் சங்கம் வருஷா வருஷம் ஆடும் விசேஷ ஆட்டத்துக்கு இடமில்லை. சுதந்திரக் கொண்டாட்டக் குழுவில் யாரோ காஜா பெராங் திடலைக் காட்டி, அந்த அணியோடே ஆடச் சொல்லிவிட்டார்கள். ஏகாம்பரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதினார். எந்தச் சங்கத்துக்கு எழுதினாலும் கடைசியில் எழுதுகிற வரியை இதிலும் எழுதினார். 'திடலின் விதிகள் அனைத்துக்கும் கட்டுப்படுகிறோம்.' சோற்றுக்கடைக்காரியிடம் என்ன விதி இருந்துவிடப் போகிறது என்று அவர் விசாரிக்கவே இல்லை.

கிராணிகள் ஆட வந்த அன்றைக்குக் கயிற்றின் ஓரத்தில் அடைக்கப்பச் செட்டியார் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். ஏகாம்பரம் முறைத்தார். செட்டியார் குனிந்து விரிப்பைச் சுருட்டப் போனார். வேறு வழியில்லாமல் பதினொரு கிராணிகளும் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, நார் குத்தக் குத்தக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். சனம் வயிறு வலிக்கச் சிரித்தது.

ஆனால் ஏகாம்பரம் ஆடினார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜெயபாலன் போட்ட பந்துகளை நெஞ்சில் வாங்கினார், விரலில் வாங்கினார், நகரவில்லை. அறுபத்திரண்டு ரன். அவர் ஆடியதிலேயே அதுதான் பெரிய ஆட்டம். கிராணிமார் சங்கம் பத்தே ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பூங்காவனம் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து பேர் கூப்பிட்டாள். காஜா பெராங் ஆட்கள் வாங்கினார்கள். பிறகு கிராணிகளின் பேரைக் கூப்பிட்டாள். இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருணாகரன் எழுந்து விதியைச் சொன்னான். ஏகாம்பரத்தின் கடிதத்தையும் உரக்கப் படித்தான். அவ்வளவுதான், பையன்கள் ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். கைதட்டல் கிடைத்ததும் அவர்கள் முகத்தில் சிரிப்புக்கூட வந்துவிட்டது. மிச்சம் ஏகாம்பரம் ஒருவர்தான்.

அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வேணாம்மா. அத உன் தம்பிக்கே குடுத்துடு."

பூங்காவனம் குரலைத் தாழ்த்தவில்லை. "அவன் கூலிய அவன் வாங்கிட்டான், கிராணி. இது உங்க கூலி. வெயில்ல நின்னு ஒழைச்சிருக்கீங்க. வேணாம்னா நீங்க ஆடவே இல்லன்னு எழுதிக்கறோம்."

கருணாகரன் பென்சிலை எடுத்தான். அந்த அறுபத்திரண்டு போனால் ஆட்டமும் போய்விடும் என்பது பதினொரு பேருக்கும் தெரியும். ஏகாம்பரம் பென்சிலைப் பார்த்தார், தன் பையன்களைப் பார்த்தார். விரல் வீங்கிய வலது கையை நீட்டினார்.

முதலில் கைதட்டியவன் ஜெயபாலன். சனம் சேர்ந்துகொண்டது. கூலிக்காக இல்லை, அந்த ஆட்டத்துக்காகத்தான் ஜெயபாலன் தட்டினான். பூங்காவனத்துக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. தம்பி பாதியில் வைத்துவிட்டு எழுந்த சோறு அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. சங்கத்தில் நிற்கவைத்துச் சொன்ன சட்டமும் ஞாபகம் இருந்தது. ஒரு காசு வாங்கியவன்கூட அங்கே கால் வைக்க முடியாது.

பணத்தை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"இனிமே சனிக்கிழமைல உங்களுக்கு அங்க வேல இருக்காது, கிராணி. இங்க வாங்க. பூட்ஸ் மட்டும் எடுத்துக்கிட்டு வராதீங்க."