இருபத்தோராவது தட்டு: கிளாஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு சீர்வரிசைப் பயணம்

ஜூன் முதல் வாரத்தில் எட்டு நாள் சிங்கப்பூர் போய்வந்தோம். ஊர் சுற்ற அல்ல, கல்யாணத்துக்கு. என் நாத்தனார் மீனா அண்ணி முப்பது வருடமாக அங்கே பூன் லேயில் இருக்கிறார். அவருடைய ஒரே மகள் யாழினிக்குத் திருமணம். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியவர் என் கணவர் செந்தில். இன்னொரு தாய்மாமன், செந்திலின் அண்ணன் குமரேசன். சிக்கலே அங்கேதான்.

நாங்கள் இருப்பது கிளாஸ்கோவில், குமரேசன் மாமா இருப்பது எடின்பரோவில். நடுவே ரயிலில் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தை இரண்டு வீட்டாரும் ஒன்பது வருடமாகக் கடக்கவில்லை.

காரணம் ஸ்காட்லாந்து. சிரிக்காதீர்கள். 2014இல் ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த எங்களுக்கும் வாக்கு இருந்தது. செந்தில் ‘வேண்டும்’ கட்சி. ஜன்னலில் ஸ்காட்லாந்தின் நீலக்கொடி கட்டினார். மாமா ‘வேண்டாம்’ கட்சி. பிரிட்டனோடு இருந்தால்தான் ஐரோப்பாவிலும் இருக்கலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாமாவின் பக்கம் வென்றது. அப்போதுகூடச் சண்டை வரவில்லை, கிண்டலோடு போயிற்று.

இரண்டு வருடம் கழித்து பிரிட்டனே ஐரோப்பாவை விட்டு வெளியேற வாக்களித்தது. ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் இருக்கத்தான் விரும்பினார்கள், பயனில்லை. முடிவு வந்த காலையில் செந்தில் அண்ணனுக்குப் போன் போட்டு, “சொன்னேன்ல?” என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியவர் என் வீட்டுக்காரர்தான், சந்தேகமே இல்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

நான் எதற்கு வாக்களித்தேன் என்று கேட்பீர்கள். அதை இன்றுவரை நான் வீட்டில் சொன்னதில்லை. ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டுமே.

மீனா அண்ணி போனில் நிபந்தனை போட்டுவிட்டார். “ரெண்டு பேரும் சேர்ந்து பட்டம் கட்டி, ஆளுக்கொரு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் எம் பொண்ணு மணவறை ஏறுவா. ஒருத்தன் மட்டும் வர்றதா இருந்தா ரெண்டு பேருமே வர வேணாம்.” செந்தில் அன்று இரவு சாப்பிடவில்லை. அவருக்கு அக்காவிடம் பயம், அண்ணனிடம் வீம்பு.

பயணம் ஒரு மாற்று விமானத்தோடு மொத்தம் பதினெட்டு மணி நேரம். மாமா வேறு விமானத்தில் ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டார். சாங்கியில் மாலை 4.10க்கு இறங்கினோம். டாக்சி எடுக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலில் ஒரே நிறுத்தம், எக்ஸ்போ. அங்கே நீலத்தடத்துக்கு மாறினால் நேராக ஜாலான் புசார். முக்கால் மணி நேரம், ஆளுக்கு இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). வங்கி அட்டையையே வாசலில் தட்டிவிட்டு உள்ளே போகலாம்.

ஜாலான் புசாரில் ஓர் இரும்புச்சாமான் கடைக்கு மேலே சின்ன ஓட்டல், ஓர் இரவுக்கு 130 வெள்ளி. அறை தீப்பெட்டி அளவுதான், ஆனால் சுத்தம். அங்கிருந்து லிட்டில் இந்தியா எட்டு நிமிட நடை. காலையில் தேக்கா உணவங்காடியில் தோசை, ‘தே தாரிக்’ என்னும் நுரை பொங்க ஆற்றிய டீ, மறுபடி நடை என்று மூன்று நாள் போனதே தெரியவில்லை. மாமா பூன் லேயில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். நாங்கள் அங்கே போகும் நேரம் பார்த்து அவருக்குக் கடைக்குப் போகும் வேலை வந்துவிடும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பகல் இரண்டு மணிக்குத் தப்பிக்க வழியில்லை. சீர்த்தட்டுகளை அடுக்க வேண்டும். ஓட்டலுக்குப் பக்கத்திலுள்ள பூகிஸ் நிலையத்திலிருந்து பூன் லேக்கு ரயிலில் நாற்பது நிமிடம், மூட்டை முடிச்சுகளோடு போய்ச் சேர்ந்தோம். கூடத்துத் தரையில் ஒரு பக்கம் எங்கள் தட்டுகள், மறுபக்கம் மாமாவின் தட்டுகள். நடுவில் அண்ணி நின்று எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் மாறியது.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும், உங்களுக்குத் தெரியும். நாங்கள் முறையாகப் பதினொன்று வைத்திருந்தோம். மாமாவும் முறையாக ஒன்பது வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் இருபது. ஒரு போன் பேசியிருந்தால் வந்திருக்காத தப்பு.

“இரட்டைப்படையில எம் பொண்ணுக்குச் சீரா?” என்றார் அண்ணி.

செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒரு தட்டு சேத்துக்கலாம்க்கா. இருபத்தொண்ணா ஒரே வரிசையில போகட்டும்.”

மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எதுக்கு? அவன் பதினொண்ணு தனியாப் போகட்டும். என் ஒம்பது தனியா வரட்டும். ரெண்டும் ஒத்தப்படைதான். அவனவன் சீர் அவனவனுக்கு.”

கைநிறைய மருதாணியோடு சோபாவில் உட்கார்ந்திருந்த யாழினிதான் முதலில் சிரித்தாள்.

“ஐயோ மாமா, சீரியஸ்லி? சின்ன மாமா சேர்ந்து இருக்கணும்ங்கிறாரு, பெரிய மாமா பிரியணும்ங்கிறாரு. ரெண்டு பேரும் வோட்ட மாத்திப் போட்டுட்டீங்க, லா.” பேச்சின் முடிவில் ‘லா’ போடுவது அந்த ஊர் வழக்கம்.

எனக்கு அடக்க முடியவில்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவின் மீசை ஒரு பக்கம் லேசாக ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அந்தச் சூட்டோடு அண்ணி உத்தரவு போட்டார். “ரெண்டு பேரும் தேக்கா போயி அந்த ஒரு தட்டுக்குச் சாமான் வாங்கிட்டு வாங்க. சேர்ந்து போங்க.” என்னைக் காவலுக்கு அனுப்பினார்.

டாக்சியில் மாமா முன்னால், நாங்கள் பின்னால். ஓட்டுநர் காதர் பாய், நாகூர் வழிக் குடும்பம், அறுபதைத் தொட்டவர். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். ஸ்காட்லாந்து என்றேன்.

“அங்க பிரியணும்னு கேட்டுட்டு இருந்தாங்களே, பிரிஞ்சாச்சா?”

“இல்ல” என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரு குரலில் நிம்மதி, ஒரு குரலில் வருத்தம். ஒன்பது வருடத்தில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.

“நான் பொறந்து ரெண்டு மாசத்துல இங்க பிரிஞ்சிட்டாங்க சார்” என்றார் காதர் பாய். “மலேசியாவோட ரெண்டு வருஷம் கூட ஆகல, தனி நாடு. எங்க அத்தா இந்தப் பக்கம், அவரு தம்பி சின்னத்தா பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியா ஜோகூர்ல. ஒருத்தரு பிரிஞ்சது சரிம்பாரு, ஒருத்தரு தப்பும்பாரு. கடைசி வரைக்கும் வாய்ச்சண்டைதான்.”

“அப்புறம்?” என்றார் மாமா.

“அப்புறம் என்ன, ஞாயித்துக்கெழம பாலத்தைத் தாண்டிப் போயி மீன்கறி சாப்புட்டுட்டுத்தான் சண்டை போடுவாங்க. இப்ப நானும் போறேன், சின்னத்தா மகன் வீட்டுக்கு. பாலத்துல ஜாம்தான் தாங்கல. முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாட்டி இங்கேர்ந்து வெளியவே விட மாட்டாங்க, லா.”

தேக்காவில் இறங்கும்போது மீட்டர் 28 வெள்ளி காட்டியது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மாமா கொடுத்தார், செந்தில் தடுக்கவில்லை.

பஃபலோ சாலைப் பூக்கடையில் என்ன வாங்குவது என்று மீண்டும் இழுபறி. பழம் இருக்கிறது, பூ இருக்கிறது, சேலை இருக்கிறது. கடைக்கார அம்மா பொறுமை இழந்து, “அன்னாசி வைங்க, இங்க அது நல்ல சகுனம். யாரு வீட்டுச் சீரு?” என்று கேட்டார். “எங்க வீட்டுது” என்றார் மாமா. பக்கத்துப் பழக்கடையில் ஓர் அன்னாசியைக் கொண்டையோடு தூக்கிப் பார்த்துவிட்டு, “டேய், நம்ம ஊரு முள்ளுப்பூ மாதிரியே இருக்குடா” என்றார். நம்ம ஊர் என்று அவர் சொன்னது ஸ்காட்லாந்தை. அதுதான் அங்கே தேசியப் பூ, காசு, போலீஸ் தொப்பி எல்லாவற்றிலும் அந்த முள்பூதான். செந்தில் அண்ணன் கையிலிருந்து அன்னாசியை வாங்கிக்கொண்டார், குழந்தையை வாங்குவதுபோல.

உணவங்காடியில் மூன்று தே, ஆளுக்கு ஒன்றரை வெள்ளி. செந்தில் அதைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கு அந்தப் போன நான் பண்ணிருக்கக் கூடாதுண்ணே.”

மாமா தன் தேயைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். “அன்னிக்கு நீயும் தோத்த, நானும் தோத்தேன். நீ என்கூட சேர்ந்து அழுவேன்னு நெனச்சு போனை எடுத்தேன்டா. நீ ஜெயிச்ச மாதிரிப் பேசுன.”

செந்திலின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். தேக்காவின் இரைச்சலில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை, நல்ல வேளை.

“சரி குடி, ஆறுது” என்றார் மாமா. “மறுபடி வாக்கெடுப்பு வந்தா நான் வேணாம்னுதான் போடுவேன். நீ உன் இஷ்டப்படி போடு. ஆனா முடிவு வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணு.”

மறுநாள் காலை 9.20க்குக் கோயில் மண்டபத்தில் இருபத்தொரு தட்டும் ஒரே வரிசையில் போயின. அன்னாசி முன்னால். மாமா பட்டம் கட்ட, செந்தில் மாலை போட்டார். இருவரும் யாழினியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தபோது மீனா அண்ணி சத்தம் போட்டு அழுதார். கல்யாண அழுகை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வார்த்தை. சிங்கப்பூர் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது. பூச்சரம், மாலை எல்லாம் பஃபலோ சாலையிலேயே கிடைக்கும், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூட்டம் நெரியும், அது பிடிக்குமென்றால் அன்றே போங்கள். குடை கட்டாயம். தாய்மாமன்கள் இரண்டு பேர் என்றால், கிளம்பும் முன்பே எத்தனை தட்டு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் செய்தியில் மறுபடி ஸ்காட்லாந்து வாக்கெடுப்புப் பேச்சு அடிபட்டது. செந்தில் போனை எடுத்தார். அடுப்படியில் இருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் கத்தினார்கள், சிரித்தார்கள், மறுபடி கத்தினார்கள். ஐம்பது நிமிடம் ஆயிற்று.

“இவ்வளவு நேரத்துக்கு ரயில்ல ஏறியிருந்தா எடின்பரோவே வந்திருக்குமே” என்றேன்.

சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டார்.