புண்ணுக்கு ஒரு பிடிமானம்

நைனாவின் இடது பாதத்தில் சர்க்கரைப் புண் வந்தபோது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. அம்மா இறந்த பிறகு அவரைப் பார்க்க மகள் என்னைத் தவிர வேறு ஆளில்லை. ஒரு வாரம் என்று திருத்தணிக்கு வந்தவள், மாதங்கள் கடந்தும் இரண்டு அறைகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கட்டைப் பிரிப்பேன், கழுவுவேன், செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி கலந்த களிம்பைத் தடவி மறுபடி கட்டுவேன். புண் அப்படியே இருந்தது.

அரக்கோணம் மருத்துவர் செத்த சதையை வெட்டி எடுத்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். நைனா அசைந்து கொடுக்கவில்லை.

"கத்தி வச்சா காலே பூடும்மா. நீ பூசிகினே இரு."

ஒருநாள் களிம்புக் குழாயைக் கீழே வைத்துவிட்டேன்.

"நைனா, நான் ஆய்வகத்துல பாக்கறதே இதைத்தான். ஒரு செல்லு மேல கை மாதிரி ரெண்டு விதமான ஏற்பி இருக்குது. ஒண்ணு தரையைப் புடிச்சிக்கும். இன்னொண்ணு வளருன்னு சொல்ற சேதியை வாங்கும். செல்லை மிதக்க வுட்டுட்டு மருந்து ஊத்துனா, சேதி லேசா வந்துட்டு அணைஞ்சிடுது. தரையில ஒட்டிகினு இருந்தா ரெண்டும் சேந்து வேலை செய்யும். அப்பதான் சேதி உள்ள வரைக்கும் போவும், செல்லும் பெருகும்."

அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புடிச்சிக்க எடம் இல்லாமதான் மருந்து வீணா பூடுதா?"

"ஆங். செத்த சதை மேல எதுவும் ஒட்டாது."

"ஆட்டோ கூப்புடு" என்றார்.

அன்று ஆடிக் கிருத்திகை. தெருமுனையில் தடுப்பு, அதற்கப்பால் காவடிக் கூட்டம். ஆட்டோ உள்ளே வர வழியில்லை. அவர் மனம் மாறிவிடுமோ என்று பயந்து அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் வடிந்த பிறகே அரக்கோணம் போக முடிந்தது.

செத்த சதையோடு சுண்டுவிரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது நைனா என் கையை விடவே இல்லை. பிறகு அதே களிம்பைத்தான் தடவினேன். சில வாரங்களில் புண்ணின் அடியில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. கட்டைப் பிடித்தபடி வெகுநேரம் அதைப் பார்த்தேன். தை பிறப்பதற்குள் மூடிவிட்டது.

இப்போது தினமும் மின்சார ரயிலில் ஆய்வகம் போய் வருகிறேன். சோதனை பாதியில் இருந்தாலும் மாலையில் கிளம்பிவிட வேண்டும். திருவள்ளூர் தாண்டுவதற்குள் நைனாவிடமிருந்து அழைப்பு வரும்.

"வந்துகினு இருக்கியா?"

"வந்துகினு இருக்கேன் நைனா."