அப்பா என்று அலறிய பகல்

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், என் கணவர் என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார். காரணம் கேட்காதீர்கள். மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று தொடங்கியது. புளி இல்லாவிட்டால் உப்பு. உப்பு இல்லாவிட்டால் என் முகம்.

பிரியமானவர்களே, மைக்கைக் கையில் கொடுத்தால் நான் லேசில் விடமாட்டேன் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதைப் பேச நின்றால் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

நாங்கள் இருப்பது மணமேல்குடி. அவர் ஐஸ் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே அடி. ஒரு பல் போனது. இடது காது மந்தமானது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, தாங்கிக்கொள்ள பெலன் தாரும்." அவ்வளவுதான் என் ஜெபம். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். ஆண்டவரும் பெலன் தந்தார், நானும் தாங்கினேன். இதுவே பெரிய விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வீட்டில் ஜொகரா லாத்தா. அக்கா முறையில் தெருவே அவரை லாத்தா என்றுதான் கூப்பிடும். அவர் கணவர் காதர் அண்ணன் கடலுக்குப் போகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் வீட்டில் பேச்சு கேட்காது. அப்படியென்றால் என் மேல் விழுந்த அடியெல்லாம் அவர்களுக்குக் கேட்டுத்தான் இருக்கும். ஒருநாளும் வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு விரல்கள் நசுங்கி நான் சரிந்ததும், தலைமுடியைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். வயிற்றில் உதைத்தார். தலையைச் சுவரில் மோதினார். வாயெல்லாம் ரத்தம். பிறகு போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். கையில் தேங்காய் உடைக்கும் அரிவாள். அதுவரை அவர் ஆயுதம் எடுத்ததே இல்லை.

"இன்னைக்கோட ஒன்னய முடிச்சிர்றேன்டி."

முதல் வெட்டு தோளில் விழுந்தது. கழுத்துக்கு வந்தது, நான் திரும்பியதால் தோளில். வழக்கமான ஜெபத்தைச் சொல்ல வாயெடுத்தேன். 'தாங்க' என்ற சொல் வரவே இல்லை. வேறு ஒன்று வந்தது.

"அப்பா! காப்பாத்துங்க! அப்பா! காப்பாத்துங்க!"

என் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. ஜெபத்தில் நாம் ஆண்டவரை அப்பா என்று கூப்பிடுகிறோம் அல்லவா? நான் அவரைத்தான் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் லாத்தாவுக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது.

"யா அல்லா! அவ அப்பாவப் போட்டு அடிக்கிறான் போலங்க! ஓடியாங்க!"

கதவு அதிர்ந்தது. "டேய்! வயசான மனுசன் மேலயாடா கை வைக்கிற? தொறடா நாயே!" காதர் அண்ணன் குரல். தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. கையில் படகுத் துடுப்போடு உள்ளே வந்தார். என் கணவர் அவர் மேலும் அரிவாளை வீச, அண்ணனின் முன்கை கிழிந்தது. துடுப்பு மணிக்கட்டில் இறங்கியதும் அரிவாள் குழம்புச் சட்டிக்குள் போய் விழுந்தது. பின்னாலேயே தெருவே நுழைந்து என் கணவரைத் தரையோடு அமுக்கியது.

லாத்தா என்னைப் பார்க்கவே இல்லை. குளியலறையைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"எங்க புள்ள ஒங்கப்பா? எங்கிட்டுப் போட்டுருக்கான்?"

"அப்பா ஊர்ல இருக்காக லாத்தா. திருவரங்குளத்துல."

"அப்ப யாரத்தான்டி கூப்பிட்ட?"

நசுங்காத கையால் மேலே காட்டினேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அடிப்பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் முக்காட்டை உருவி என் தோளைக் கட்டினார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகும் லாத்தா போகவில்லை. "வயசானவர அடிக்கிறானேன்னுதான் ஓடியாந்தோம். ஒன்னய அடிச்சா வழக்கம்தானேன்னு இருந்துட்டோம் புள்ள. அல்லா எங்கள மன்னிக்கணும்" என்றார். பிறகு கேட்டார், "இத்தன வருசமா ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்கன்னு..."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் சிறுவயதில் என் அம்மாவை அப்பா வாசலில் போட்டு உதைத்தபோது எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பட்டதைப் பார்த்தவள் நான். அன்றைக்கே அது எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அடியில் இருந்தது என்னைக் கலங்கடித்தது. ஆண்டவரும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறவர்தான் என்று நான் நம்பியிருக்கிறேன். அதனால்தான் காப்பாற்றும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. வராதவரிடம் என்ன கேட்பது? தாங்கப் பெலன் கேட்டேன். நான் விசுவாசம் என்று வைத்திருந்தது நம்பிக்கையே இல்லாத ஒன்று. பாட்டுப் பாடும்போதும் உபவாசம் இருக்கும்போதும் அதுதான் எனக்குள் இருந்தது.

மகளிர் காவல் நிலையத்தில் நானே புகார் கொடுத்தேன். வழக்கு நடக்கிறது. என் கணவர் ஜெயிலில் இருக்கிறார். அவருக்காகவும் ஜெபிக்கிறேன், திரும்பி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். இரண்டு விரல் மடங்காது. இட்லி மாவு அரைத்து விற்கிறேன், இடது கை பழகிவிட்டது. அதற்கும் ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, குறிப்பாக வீட்டில் அடி வாங்கிக்கொண்டே ஆராதனைக்கு வருகிற சகோதரிகளே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தனியாக இருக்கும்போது நீங்கள் ஆண்டவரிடம் என்ன கேட்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். அவரை யாரென்று நினைக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அவர் வருகிறவர். நம்பிக் கூப்பிடுங்கள். மனதுக்குள் அல்ல, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.