முப்பத்தொன்பது ஷட்டரும் ஒரு டம்ளர் டீயும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வெல்டிங் பட்டறையில் கம்பி சுமந்து, பிறகு சொந்தப் பட்டறை வைத்து, கடைகளுக்கு ஷட்டர் போட்டே மூன்று மாடி எழுப்பியவர் ஷட்டர்க்காரர். யார் தயவும் கிடையாது. அவர் போட்ட ஷட்டர் சத்தம் போடாது; அந்தச் சத்தத்தையும் சேர்த்து அவரே போட்டுவிடுவார்.

மார்க்கெட்டின் நாற்பது கடைகளுக்கும் ஷட்டர் மாற்றப்போவதாக வியாபாரிகள் சங்கம் அறிவித்தது. வேலை கேட்பவர்கள் சாயங்காலக் கூட்டத்தில் ஆளுக்கொரு வீடியோ காட்ட வேண்டுமாம். 'நாற்பதும் நம்ம சட்டைப்பையில' என்று அவர் ஏற்கெனவே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். வேலை கை நழுவினால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஆனால் போனில் எடுத்த வீடியோவில் ஷட்டரைவிட அவர் தொப்பைதான் அதிக இடம் பிடித்திருந்தது.

மருமகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். "நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுதிப் போடறேன். ஏஐ அதை அப்படியே வீடியோவா செஞ்சு குடுத்துடும். ஆனா ஓசியில ஒரு நாளைக்கு மூணுதான்."

"மூணு எதுக்கு? எனக்கு ஒண்ணே ஜாஸ்தி. எழுதிக்கோம்மா."

நாற்பது வருஷமாக அவர் ஷட்டர் விற்றது ஒரே வழியில்தான்: அடுத்தவன் ஷட்டரைத் திட்டி. அதே பாணியில் ஆரம்பித்தார். "நம்ம ஷட்டர் துருப்பிடிக்காது. பாதியில சிக்காது. கண்டவன் போட்ட மாதிரி கோணிக்காது. கிரீஸ் ஒழுகாது."

ஐந்து நிமிஷத்தில் வீடியோ வந்தது. துருவேறிய ஷட்டர் ஒன்று பாதியில் சிக்கிக் கோணிக்கொண்டு நின்றது. கிரீஸ் அருவியாகக் கொட்டியது. அடியில் ஒரு கோட்டுப் போட்ட ஆள், கைக்கு ஏழு விரலோடு, அதைத் தூக்க முக்கிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! எவன் போட்ட ஷட்டர் இது?"

"நீங்க சொன்னதுதான் மாமா."

"துரு கூடாதுன்னுதானே சொன்னேன்! துரு கூடாது, துரு கூடவே கூடாதுன்னு அழுத்தி எழுது."

இரண்டாவது வீடியோவில் கோட்டுக்காரனுக்கும் துருப்பிடித்திருந்தது.

மருமகள் சிரிப்பை விழுங்கினாள். "மாமா, வேண்டாம்னு சொன்னாலும் பேரு காதுல விழுந்தா போதும், இது தூக்கிட்டு வந்து நடுவீட்டுல வச்சிடுது. என்ன வேணுமோ அதை மட்டும் சொல்லுங்க."

யாரையும் திட்டாமல் ஷட்டரைப் பற்றிப் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை. தலையைச் சொறிந்தார். கூடத்தை நாலு சுற்று சுற்றினார். "ஒரு அம்மா கடை திறக்க வராங்க. ஒரு கையில டீ. இன்னொரு கையால ஷட்டரைத் தூக்குறாங்க. டீ சிந்தல... இரு, இரு! அதை எழுதாதே. டீ டம்ளர்லயே இருக்கு."

மூன்றாவது வீடியோவில் ஷட்டர் பட்டுத்துணி போல மேலே போனது. மருமகள் கைதட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"பூட்டு எங்கம்மா? பூட்டு மாட்டற கொக்கியே காணோமே?"

"யாரு அதையெல்லாம் பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே!"

கூட்டத்தில் முதலில் போட்டிக்காரர் வீடியோ ஓடியது. பளபளவென்று ஷட்டர்கள் வரிசையாக ஏறின. கைதட்டல் ஓய்வதற்குள் நம்மவர் எழுந்துவிட்டார். "தலைவரே, பூட்டு எங்க மாட்டறது?"

போட்டிக்காரர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சங்கத் தலைவர் சிரித்தார். "உங்க வீடியோவுல இருக்கா?"

"அதுலயும் இல்ல! ரெண்டும் ஒரே ஏஐ வீட்டுப் பிள்ளைங்க. வீடியோ பாத்து ஷட்டர் வாங்குவாங்களா? கீழ வாங்க, மூலைக்கடைக்கு. நான் போட்டு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு."

மொத்தக் கூட்டமும் படியிறங்கியது. கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த மூலைக்கடை அம்மாவின் ஒரு கையில் அவரே டீயைத் திணித்தார். அந்த அம்மா மற்ற கையால் பூட்டைக் கழற்றி, குனிந்து தூக்கினார். ஷட்டர் முனகாமல் மேலே போனது.

தலைவர் தகட்டைத் தடவிப் பார்த்தார். "இவ்வளவு நல்லா இருக்கே, இதை எதுக்கு மாத்தணும்? மீதி முப்பத்தொம்பதும் நீங்களே போட்டுக் குடுங்க."

இப்படியாக, தன் கைவேலையின் உறுதியால் ஒரு ஷட்டரை இழந்த ஒரே மனிதர் அவர்தான். ஆனாலும் தெருவில் இன்றுவரை நாற்பது என்றுதான் சொல்கிறார். அன்று தலைவர் காலில் இரண்டு சொட்டு டீ சிந்தியது என்று சிலர் கதை கட்டுகிறார்கள். சிந்தியிருந்தால் அது டம்ளரின் குற்றம்.