ஆபத்து அக்கா

கணவரின் அக்குளுக்குள் கைகொடுத்து, கூடத்திலிருந்து சமையலறை வரை அவரைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார் அக்கா. கணவர் கண்ணை மூடிக் கிடந்தார். பாதி வழியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மயக்கத்துல இருக்கறவரு சிரிப்பாராங்க? எல்லாம் வீணாப்போச்சு" என்று கடிந்துகொண்ட அக்கா, அவரை மறுபடியும் கூடத்துக்கே நடத்திக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வாசலில் நின்ற ஓவியருக்கு உள்ளே போவதா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா என்று விளங்கவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான வார இதழ் ஒன்றில் அக்கா எழுதும் தொடர்கதைக்குப் படம் போடுகிறவர் அவர். அன்றுதான் முதல்முறையாக வீட்டுக்கு வந்திருந்தார். "வாங்க தம்பி. அந்தப் பக்கம் நின்னு பாருங்க, தலை தொங்குதா?" என்றார் அக்கா. தொங்கத்தான் செய்தது. "அப்ப தண்ணி மூக்குல ஏறிடுமே" என்று முணுமுணுத்துக்கொண்டு பிடியை மாற்றினார்.

"இந்த வீட்டுல நான் எத்தனை தடவை செத்துப் பொழச்சேன்னு எனக்கே தெரியாது. போன கதையில பனியில விறைச்சுப் போயிருந்தேன்" என்று தரையிலிருந்தபடியே கணவர் விருந்தாளியிடம் குறைபட்டார். குரலில் பெருமைதான் இருந்தது.

காடு, கடல், நிலநடுக்கம், பனிப்புயல் என்று வாரம் தவறாமல் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளுகிறவர் என்பதால் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு ஆபத்து அக்கா என்றே பெயர். ஆள் பார்த்தால் ஆபத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்காது. கணவரின் தோள்பட்டை வரைக்கும்தான் உயரம். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கேயும் சும்மா இருப்பதில்லை. தீயணைப்பு வீரர் ஒருவர் கண்ணாடி வாங்க வந்தபோது, நினைவில்லாத ஆளை இழுக்கும் விதத்தை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அவருக்குக் கண்ணாடி கைக்கு வந்ததாம். பசியைப் பற்றி எழுதும் நாளில் அக்கா காலையில் எதுவும் சாப்பிடமாட்டார். "வயிறு நெறஞ்சவ பசியை எழுதினா படிக்கிற பிள்ளை கண்டுபிடிச்சிரும்" என்பார். செய்து பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்பதில் அப்படி ஒரு பிடிவாதம்.

அந்த இதழில் மற்றவர்கள் எழுதும் காடுகளில் கல்லும் வேரும் பெண்பிள்ளைகளின் கணுக்காலுக்காகவே காத்துக் கிடக்கும். பையன் நெருப்பு மூட்டுவான், வழி கண்டுபிடிப்பான், கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு நடப்பான். அவள் அழுவாள், கட்டுப்போடுவாள், நன்றி சொல்வாள். அக்காவின் காட்டில் அப்படியெல்லாம் பங்கு பிரித்துவைக்கவில்லை. "யாருக்கு எது கைவருதோ அவங்க அதைச் செய்யட்டும். காடு ஆளைப் பாத்தா வழி விடுது?" என்று ஒரே போடாகப் போடுவார்.

இவ்வளவும் தெரிந்த ஓவியர்தான் அந்தத் தப்பைச் செய்தார். அட்டைப்படம் கதைக்கு முன்னாலேயே அச்சுக்குப் போய்விடும். வெள்ளம் புகுந்த சுரங்கத்திலிருந்து அண்ணனும் தங்கையும் தப்பிக்கும் இடம் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. யார் யாரைக் காப்பாற்றுகிறார் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. பழகிப்போன கை, மயங்கிய தங்கையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் அண்ணனைக் கச்சிதமாக வரைந்து முடித்தது. அட்டையும் அச்சாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் அன்று அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் அக்கா எதைப் பயிற்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்று புரிந்ததும், வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டார். அக்கா எழுதிவைத்திருந்த அத்தியாயத்தில் மயங்கிக் கிடந்தவன் அண்ணன்.

மறுநாள் பத்திரிகை ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். "அட்டைக்கு ஏத்த மாதிரி அத்தியாயத்தை மாத்திருங்கம்மா. அவன் அவளைத் தூக்கட்டும். இல்லேன்னா கதையைப் போன வாரத்தோட நிறுத்திக்கலாம்."

"நிறுத்தினா அவங்க ரெண்டு பேரும் அந்தத் தண்ணியிலேயே கெடப்பாங்க சார்" என்றார் அக்கா.

"சின்னப் பொண்ணும்மா அவ. அவ்வளவு பெரிய பையனை எப்படி இழுப்பா? படிக்கிற பசங்களுக்கும் ஒரு மாதிரியா இருக்கும்."

"படிக்கிற பொண்ணுங்களுக்கு இத்தனை வருஷமா எப்படி இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டோமா சார்?"

அக்கா வெளியே வந்து, உதவி ஆசிரியர்களின் மேசைகளை வரிசையாக ஒட்டிப்போடச் சொன்னார். "என் சுரங்கம் இவ்வளவு உயரந்தான். நீங்கதான் அண்ணன் சார். என்னைத் தூக்கிட்டு இந்தக் கடைசி வரைக்கும் போயிட்டா, நீங்க சொல்றபடி எழுதிடறேன்."

ஆசிரியர் வாட்டசாட்டமான மனிதர், ரோஷக்காரரும்கூட. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார். மண்டி போட்டு அக்காவைக் கைகளில் ஏந்தியவுடன் தலை மேசையில் இடித்து, மேலே இருந்த டீ டம்ளர் கவிழ்ந்தது. இரண்டாவது முயற்சியில் நிலைதடுமாறி உட்கார்ந்துவிட்டார். நிற்க முடியாத இடத்தில் ஒருவர் இன்னொருவரை ஏந்திக்கொண்டு நடக்க முடியாது என்பது எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்துபோனது.

"இப்ப நீங்க மயங்குங்க சார்."

அக்கா அவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். அவர் அக்குளுக்குள் கைகளைக் கொடுத்து, மார்பின் குறுக்கே கோத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். குதிகாலைத் தரையில் ஊன்றி ஓர் உந்து. அந்தப் பெரிய உடம்பு ஒரு சாண் நகர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு உந்து. முதலில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது, கால்விரல்கள் வெளுத்தன. நடுவில் நின்று, ஆசிரியரின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். அது நடிப்பு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஆசிரியரோ, பிழைப்பும் சாவும் இவர் கையில் என்று தன்னை ஒப்படைத்தவர்போலக் கிடந்தார்.

மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓவியர். இத்தனை வருடமாக வீரம் என்றால் அகன்ற தோள், நிமிர்ந்த நடை என்றே வரைந்து தள்ளியிருக்கிறார். இப்படி உட்கார்ந்தபடி, பின்பக்கமாக, சாண் சாணாக நகரும் ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க, கும்பிடத் தோன்றியது.

இருவரும் மறுமுனையில் வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஆசிரியர் படுத்தபடியே கண்ணைத் திறந்தார். "முடியுதுதாம்மா. ஆனா அட்டை அச்சாயிருச்சே."

அக்கா மூச்சு சீராகும்வரை காத்திருந்தார். "அட்டை இருக்கட்டும் சார். அவங்க தப்பிச்ச மறுநாள் ஊர்ப் பேப்பர்ல வர்ற படம் அதுதான். உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாம, அண்ணன்தான் தூக்கிட்டு வந்திருப்பான்னு நெனச்சு வரைஞ்சிட்டாங்க. அப்படித்தானே எல்லாரும் நெனைப்பாங்க?"

ஓவியர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அந்தப் பையன் என்னக்கா பண்ணுவான்? அவனை ஊரே கொண்டாடுமே?"

"அவனா? ஊர் கூடி மாலை போடற எடத்துல, 'நான் இல்ல, என் தங்கச்சி'ன்னு சொல்லப்போறான். இழுக்கறதைவிட அது கஷ்டம் தம்பி. அதை அவனுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்."

அண்ணனையும் கைவிடாமல், தங்கையையும் கைவிடாமல், தான் வரைந்த தப்பைக்கூடக் கதைக்குள் சேர்த்துக்கொண்ட அந்தச் சின்ன உருவத்தை ஓவியர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆசிரியருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. உதவி ஆசிரியர்கள் மூன்று பேர், மூவரும் நல்ல வாலிபர்கள், ஓடிவந்து குனிந்து கை நீட்டினார்கள். ஆசிரியர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவற்றைத் தாண்டி, தன் இரண்டு கைகளையும் அக்காவை நோக்கி நீட்டினார்.